பின்வாசல் பள்ளிக்கூடம்

தலைமை ஆசிரியர் நாற்காலியில் புதிதாக உட்காரப் போகும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, அதில் அதிகம் உட்காராதீர்கள் என்பதுதான். சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்த அறைக்குத் தேடி வருகிறவர்கள் யாரென்று பாருங்கள். புகார் சொல்ல வருவார்கள், கையெழுத்து வாங்க வருவார்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி வம்பு பேச வருவார்கள். பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போய் வாசலில் நிற்க வேண்டும். யார் சாப்பிடாமல் வருகிறாள், யார் வீட்டில் அடிவாங்கிவிட்டு வருகிறான், யார் தினமும் சேர்ந்து வரும் தோழியை விட்டுத் தனியாக வருகிறாள் என்பதெல்லாம் முதல் மணிக்குள் தெரிந்துபோகும். நான் பணியில் இருந்த காலம் முழுக்க, மழையோ வெயிலோ, காலையில் வாசலில்தான் நின்றேன்.

‘புதுமையான தலைமை ஆசிரியை’ என்று சொல்லித்தான் என்னை இங்கே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படி என்ன செய்துவிட்டேன்? பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்று அதை வாரச் சந்தையில் வேப்பமரத்தடியில் வைத்தேன். கத்தரிக்காய்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்கள். நூலகத்துப் பூட்டைக் கழற்றி எறிந்தேன். சில புத்தகங்கள் காணாமல் போயின. யாரோ படிக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காலை வணக்கக் கூட்டத்தில் ஆசிரியர்கள் பேசக் கூடாது, பிள்ளைகள்தான் பேச வேண்டும் என்றேன். அதில்தான் ஆசிரியர்களுக்கு என்மேல் கோபம் அதிகம். இதெல்லாம் பேப்பரில் வந்தது, போட்டோவும் போட்டார்கள். இன்று நான் சொல்லப் போவது பேப்பரில் வராத விஷயம். அதில் நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வழக்கம்போல ஒரு வாசலில் நின்றேன், அவ்வளவுதான். ஆனால் என் பணிக்காலத்தில் நான் அதிகம் பயந்ததும் அதிகம் சந்தோஷப்பட்டதும் அந்த வாசலில்தான்.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் ஊர். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளி. அந்த வருடம் ஐப்பசி பிறந்ததிலிருந்தே மழை விடவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்தாம் வகுப்பின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து பெஞ்சின்மேல் விழுந்தது. பிள்ளைகளெல்லாம் கைகழுவும் இடத்தில் இருந்ததால் பிழைத்தார்கள். மறுநாள் பொறியாளர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள். கட்டடம் முழுவதையும் பூட்டச் சொல்லிவிட்டார்கள்.

புதுக் கட்டடம் அடுத்த கல்வியாண்டுக்குள் வந்துவிடும் என்றார்கள். அதுவரை? டவுனில் இருக்கிற ஒரு பள்ளியில் மதியத்துக்கு மேல் ஷிப்ட் முறையில் நடத்துங்கள் என்று யோசனை சொன்னார்கள். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பள்ளியில் பாதிக்குமேல் பெண் பிள்ளைகள். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்தே வருகிறவர்கள். மாலை வகுப்பு முடிந்து டவுனில் பஸ் பிடித்து ஊர் வந்து சேர இருட்டிவிடும். பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்கள் யாரும் சண்டை போடவில்லை. “அப்ப அடுத்த வருசம் பாத்துக்கிருவோம் டீச்சர்” என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வருடம் என்று சொல்லி நின்ற பெண் பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதிகாரிகள் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் ஊரிலேயே இடம் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்கள்.

இடம் இருந்தது. ஊரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த இடம்தான். பெரிய வீடு. நம் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல், நடுவில் வரிசையாக முற்றங்களும் கூடங்களும். ஒரு பள்ளிக்கூடத்தையே உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். பங்காளிகள் எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்த மீனா ஆச்சி மட்டும் முன்கட்டில் குடியிருந்தார். சாவியெல்லாம் அவரிடம்தான். ஆனால் அது பொது வீடு. பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் ஒரு கதவையாவது திறக்க முடியும். அத்தனை பேரும் ஒன்றாகக் கூடுவது வருடத்துக்கு ஒருமுறை, முன்னோர்களுக்குப் படையல் போடுகிற படைப்பு அன்று. எங்கள் நல்ல நேரம், அந்த வாரமே படைப்பு வந்தது.

படைப்பு வீட்டுக்குள் வெளியாட்கள் போவது வழக்கமில்லை. நான் போனேன். பந்தி முடியட்டும் என்று கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மீனா ஆச்சி பார்த்துவிட்டார்.

“டீச்சர், சாப்பிட்டீகளா?”

“வந்த வேலை முடியட்டும் ஆச்சி.”

“எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்ககிட்டயே கேக்கக் கூச்சமாக்கும். சரி, நில்லுங்க, கூட்டியாறேன்” என்று போய் மூத்த பங்காளியை அழைத்து வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள். கூரை விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூத்த பங்காளி நல்ல மனிதர். நான் முடிப்பதற்குள் கையமர்த்தினார்.

“எங்க அப்பச்சி காலத்துலயே பள்ளிக்கூடத்துக்கு எடம் குடுத்தவுக நாங்க. இப்ப மாட்டோம்னு சொல்லுவமா? வாடகை கீடகைன்னு பேசாதீக. ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு முழுசும் எடுத்துக்கங்க.” சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தலையசைத்தார்கள். “ஒண்ணே ஒண்ணு. முன்வாசல் நல்லது கெட்டதுக்கு மட்டும் தொறக்கிறது. பிள்ளைக பின்வாசல் வழியா வந்து போகட்டும்.”

அவர் இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஏதோ செருப்பை வெளியே விடுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. அந்தப் பின்வாசலில் யார் நிற்பார்கள், எதற்காக நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். என் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்கள் விசேஷம் முடிந்து மிஞ்சியதை வாங்க அங்கேதான் நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து வெளியே நடந்திருக்கலாம். என் மானம் மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் படிப்பு போயிருக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தால் படிப்பு மிஞ்சும். ஆனால் தினமும் காலையில் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். இம்மாதிரி நேரத்தில், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். நம்மிடமும் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

“சரிங்க” என்றேன். “எனக்கும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. போர்டு, கொடிக்கம்பம் எல்லாம் அந்த வாசல்லதான் வைப்போம். பள்ளிக்கூடத்துக்கு யாரு வந்தாலும் அதே வாசல்லதான் வரணும். நானும் அதுலதான் வருவேன், ஆபீசரும் அதுலதான் வருவாரு. நீங்க வந்தாலும் அதுதான்.”

“அதுக்கென்ன, வந்தாப் போச்சு” என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். மீனா ஆச்சி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. பின்வாசல் இருந்த தெருதான் பிற்பாடு பஸ் ரோடு ஆகிவிட்டது. பஸ் ஸ்டாப் அந்த வாசலுக்கு எதிரில்தான். முன்வாசல் தெருவில் பகலில் ஆடுதான் படுத்திருக்கும். ஆனாலும் அவர்களுக்கு அது முன்வாசல், இது பின்வாசல். ஊருக்கும் அப்படித்தான்.

அன்று மாலையே கண்மாய்ப் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் செய்தி சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம், கருப்பையாவைத் தவிர. அவர் கொத்தனார். அவருடைய மகள் ரேவதி பத்தாம் வகுப்பு. கணக்கில் என்னைவிட வேகம், வாயும் அப்படித்தான்.

“பின்வாசலா டீச்சர்?” என்று கேட்டார் கருப்பையா.

“ஆமா.”

“எங்கப்பா அந்த வாசல்ல தோள்ல கெடக்குற துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிப்பாரு. நான் அவரு காலப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். வாசல் நெலையத் தாண்டி ஒரு நாளும் உள்ள போனதில்ல. எம் மகளும் அங்க போயித்தான் நிக்கணுமா? வேணாம் டீச்சர். அவ வீட்டுலயே இருக்கட்டும்.”

ரேவதி கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் குறுக்கே பேசுகிற பெண், அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கருப்பையா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்பதால் அவரோடு வாதாடவும் முடியவில்லை. நான் பேசி வைத்திருந்த ஏற்பாட்டைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சாதா நாள்ல எல்லாரும் எதுலயும் போவாக டீச்சர். பெரிய மனுசன் ஒருத்தன் வருவான்ல, அன்னைக்கித் தெரியும் எது வாசல்னு. அதுவரைக்கும் வேணா அனுப்புறேன்.”

திங்கட்கிழமை காலை நான் அந்த வாசலில் போய் நின்றேன். போர்டு தலைக்குமேல் இருந்தது, கொடிக்கம்பத்தை ரோட்டோரமாக நட்டிருந்தோம். அந்தக் குடும்பத்துக்கு உறவான எங்கள் கணக்கு வாத்தியார் பழக்கதோஷத்தில் முன்வாசலுக்குப் போய்விட்டார். “சுத்தி வாங்க சார்” என்று ஆள் சொல்லி அனுப்பினேன். வேர்க்க வேர்க்கச் சுற்றிக்கொண்டு வந்தார், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கருப்பையா சைக்கிளில் மகளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்து வகுப்பைப் பாருங்கள் என்றேன். “இருக்கட்டும் டீச்சர்” என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை கூப்பிட்டேன். வாசலோடு சரி.

அந்த வீட்டில் பாடம் நடத்தியது தனிச் சுகம். முற்றத்தில் விழுகிற தூண் நிழலை வைத்துத் திரிகோணமிதி நடத்தினோம். ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்துத் தொட்டிக்கு மழைத்தண்ணீர் வருகிற வழியைப் பிள்ளைகளே வரைந்து அறிவியல் பாடம் படித்தார்கள். வரலாற்று ஆசிரியைக்கு பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. முன்கட்டில் இருந்த மீனா ஆச்சி முதலில் கதவைச் சாத்தி வைத்திருந்தார். பிறகு ஒருக்களித்து வைத்தார். பிறகு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தது. வட்டிக் கணக்கு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், “ஏன் சார், இத இன்னும் சுருக்காச் சொல்லிக் குடுக்கலாமே” என்று குரல் கேட்டது. அன்றிலிருந்து வாரத்தில் ஒரு வகுப்பை ஆச்சி நடத்தினார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கல்வி அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அரைப் பரீட்சைக்கு முந்தைய வாரம். அவர் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் வருடக் கடைசி வரை அந்த வீட்டில் நடத்தலாம். இல்லையென்றால் மறுபடியும் டவுன், மறுபடியும் ஷிப்ட். அதிகாரி வருவதைக் கேள்விப்பட்டு மூத்த பங்காளியும் சென்னையிலிருந்து வந்துவிட்டார். பார்வையிடும் நாள் காலை நான் பள்ளிக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்வாசலில் வாழைமரம் கட்டி, சந்தனம், மாலையெல்லாம் தயாராக வைத்திருந்தார். வரவேற்பு கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். பேசியதை அவர் மறந்தே போயிருந்தார்.

கணக்கு வாத்தியார் என்னிடம் ஓடிவந்தார். “டீச்சர், ஒரு நாளுதான? நீங்க முன்னால போயி வரவேத்து, உள்ளேயே கூட்டிட்டு வந்துருங்க. ஆபீசரக் கோவிச்சுக்க வச்சுட்டா எல்லாம் போயிரும்.”

அவர் சொன்னது நியாயம். கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. அப்போதுதான் ரோட்டுக்கு எதிரில் டீக்கடையைப் பார்த்தேன். கருப்பையா வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ கிளாஸ் இருந்தது, குடித்ததாகத் தெரியவில்லை. வாசலுக்கு உள்ளே வரிசையில் ரேவதியும் அவரைப் பார்த்தபடி நின்றாள்.

நான் நகரவில்லை. தைரியத்தால் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் நகர முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

“எங்கம்மா இருக்கீங்க? இங்க மாலையோட நிக்கிறாங்க, உங்களக் காணோம்.”

“பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறேன் சார். பிள்ளைகளும் இங்கதான் நிக்கிறாங்க.”

“அப்ப நான் வந்து இறங்கியிருக்கிறது என்ன வாசல்?”

“அது வீட்டு வாசல் சார். வீட்டப் பாக்குறதா இருந்தா அங்குட்டே போகலாம். பள்ளிக்கூடத்தப் பாக்கணும்னா இங்குட்டுத்தான் வரணும்.”

போன் கட்டாகிவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பிள்ளைகளின் வருடத்தை என் வீம்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

முன்தெருவிலிருந்து சுற்றி வருகிற சந்து குறுகல், ஜீப் திரும்பாது. அதிகாரி நடந்தே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவருக்குப் பின்னால் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழைத்தண்ணீர்க் குட்டைகளைத் தாண்டித் தாண்டி மூத்த பங்காளி மாலையோடு வந்தார். அவருக்குப் பின்னால் சந்தனத் தட்டு. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதிகாரி வாசலுக்கு முன்னால் வந்து நின்று போர்டைப் படித்தார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

“நல்ல வாசலா இருக்கு, ரோட்டு மேலயே இருக்கு. அப்புறம் எதுக்கு என்னைய அங்குட்டுச் சுத்தவிட்டீங்க?” என்று பங்காளியைக் கேட்டார். அவர் வெளி மாவட்டத்துக்காரர். முன், பின் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

மூத்த பங்காளி அவருக்கு மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நீங்க வந்தாலும்னு அன்னைக்கே சொன்னீக. அப்ப வெளங்கல டீச்சர்” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அந்த வாசல் வழியாகவே உள்ளே போனார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று.

அதிகாரி திருப்தி என்றுதான் எழுதினார். அவர் கிளம்பிப் போன பிறகு கருப்பையா ரோட்டைக் கடந்து வாசலுக்கு வந்தார். பாராட்டவெல்லாம் இல்லை. “ஸ்பெசல் கிளாஸ் வச்சா எத்தன மணிக்கு விடுவீக டீச்சர்? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். நான் மணியைச் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, போர்டைப் பார்ப்பதுபோல நிமிர்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது அந்த வாசலில் பெரிதாக இழைக்கோலம் போட்டிருந்தது. மாவுக் கையோடு மீனா ஆச்சி நின்றார். என்ன ஆச்சி என்றேன். “பஸ்ல போறவுகள்லாம் பாக்குற வாசல். மொட்டையாக் கெடந்தா எங்களத்தான சொல்லுவாக” என்றார். அதன் பிறகு ஒரு நாளும் அந்த வாசல் கோலமில்லாமல் கிடந்ததில்லை.

பொதுத்தேர்வை எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதினார்கள். ஒரு பெண்கூட நிற்கவில்லை. புதுக் கட்டடம் வந்து, நாங்கள் பெட்டி பெஞ்சுகளோடு அங்கே போனோம். ரேவதி பாலிடெக்னிக்கில் சிவில் படித்தாள். இப்போது ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். கருப்பையா வேலை செய்கிற கட்டடமும் சில நேரம் அவள் பொறுப்பில் வந்துவிடும். “பூச்சு சரியில்லன்னு என்னையவே இடிக்கச் சொல்றா டீச்சர்” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். அந்தக் குறையை வேறு நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

போன தை மாதம் மீனா ஆச்சி போன் செய்தார். மகனுக்குக் கல்யாணம், அந்த வீட்டில்தான். “ரேவதியையும் அவுக அப்பாவையும் கூட்டிட்டு வந்துருங்க. முன்வாசல் தொறந்துதான் இருக்கும்.”

கருப்பையா வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டோடு மகளுடன் வந்து என்னோடு பஸ் ஏறினார். பின்வாசலுக்கு எதிரில் இருந்த பழைய ஸ்டாப்பில் இறங்கினோம். “முன்னாலதான வரச் சொன்னாக?” என்று அவர் சந்து வழியாகச் சுற்றிப் போகத் திரும்பினார். ரேவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்கள் பழைய பள்ளிக்கூட வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கோலத்துக்குப் பக்கத்தில், பட்டுப்புடவையில், சந்தனத் தட்டோடு மீனா ஆச்சி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன ஆச்சி, கல்யாணம் அங்குட்டு நடக்குது, நீங்க இங்குட்டு நிக்கிறீக?” என்றேன்.

“அங்குட்டுப் பங்காளிக நிக்கிறாக. பஸ்ல வந்து எறங்குறவுகள யாரு பாக்குறது? எல்லாருக்கும் பள்ளிக்கூட வாசல்னு சொன்னாத்தான் அடையாளம் தெரியுது. இது நீங்க நின்ன எடந்தான் டீச்சர். இங்க நின்னாத்தான் யாரு யாரு வர்றாகன்னு கண்ணுல படுது.”

சந்தனத் தட்டை முதலில் கருப்பையாவிடம் நீட்டினார். “வாங்க, உள்ள வாங்க” என்றார்.

அவர் சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு வாசல் நிலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்பா முதலில் போகட்டும் என்று ரேவதி ஒதுங்கிக்கொண்டாள். நானும் பழைய இடத்தில் நின்றுகொண்டேன். கருப்பையா, தோளில் கிடந்த துண்டு கிடந்தபடி கிடக்க, நிலையைத் தாண்டி உள்ளே போனார்.